மார்த்தாள் மிதித்த பெடல்

சந்தியாகுவின் வலது கையில் நான்கு விரல்கள் போன அன்று, மார்த்தாள் ஒடுகத்தூர் புளி மண்டியில் உட்கார்ந்து கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். பீரோ பட்டறையில் வெல்டிங் வைக்கும் சடையன் சைக்கிளில் வந்தான். மண்டி வாசலில் ஒரு காலை ஊன்றி நின்றபடியே, "உன் வூட்டுக்காரனுக்குக் கையில அடி. வேலூருக்கு இட்டுக்கினு போயிருக்காங்க" என்றான்.

"எவ்ளோ அடி?"

சடையன் தன் கையை ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டான். மார்த்தாளுக்குப் புரிந்துவிட்டது. புளி ஒட்டிய கையோடு பஸ் ஏறினாள். வேலூர் போய்ச் சேரும் வரை அந்தப் பிசுபிசுப்பை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

எண்பத்து மூன்றாம் வருஷம், தவக்காலம் தொடங்கியிருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் சந்தியாகு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். கட்டுப் போட்ட கை உரிக்காத தேங்காய் போல நெஞ்சின் மேல் கிடந்தது. அவள் வந்தது தெரிந்தும் திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடியே, "கட்டைவெரலு மட்டும் கீது" என்றான்.

மலைக்குப் போகிற ரோட்டில் இருந்தது ராஜாக்கண்ணுவின் பட்டறை. அப்பன் காலத்து நிலக்கடலைக் காட்டை விற்று அவர் ஆரம்பித்தது. பின்பக்கம் கதவைத் திறந்தால் ஜவ்வாது மலை நெற்றிக்கு நேரே நிற்கும். டிரங்குப் பெட்டி, பீரோ, தானியம் கொட்டி வைக்கும் தகர டப்பா எல்லாம் அங்கே செய்தார்கள். மெட்ராஸில் மூடிப்போன ஒரு கம்பெனியில் ஏலம் எடுத்த பிரஸ் பிரேக் மிஷின்தான் பட்டறையின் உயிர். மேலே நீளக் கத்தி மாதிரி பஞ்ச். கீழே பள்ளம் வெட்டிய டை. நடுவில் தகட்டை வைத்துக் கீழே இருக்கும் பெடலை மிதித்தால், ஓடிக்கொண்டிருக்கும் பெரிய சக்கரத்தைக் கிளட்ச் பிடித்துக்கொள்ளும். பஞ்ச் இறங்கித் தகட்டைப் பள்ளத்தில் அழுத்தி மடக்கிவிட்டு ஏறி நிற்கும். ஒரு மிதிக்கு ஒரு அடி. இறங்க ஆரம்பித்த அடியைப் பாதியில் நிறுத்த யாராலும் ஆகாது.

அந்த மிஷினில் கிளட்ச் ஸ்பிரிங் தேய்ந்துபோயிருந்தது. சில சமயம் மிதித்தால் பிடிக்காது. சில சமயம் ஒரு மிதிக்கு இரண்டு அடி அடித்துவிடும். சந்தியாகு முதலாளியிடம் வாய் வலிக்கச் சொல்லியிருந்தான். "இந்த ஆர்டர் முடியட்டும்டா" என்பதுதான் எப்போதும் பதில். அன்றைக்கு பஞ்ச் ஏறியது. மடித்த துண்டை எடுக்கச் சந்தியாகு கையை உள்ளே விட்டான். அவன் மிதிக்காமலே பஞ்ச் மறுபடி இறங்கியது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் சந்தியாகுவும் மார்த்தாளும் பட்டறைக்குப் போனார்கள். ராஜாக்கண்ணு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

"டேய், அன்னிக்கு நீ ஊத்திக்கினுதான வந்தே?" என்றார்.

சந்தியாகுவுக்குக் குடிப்பழக்கம் உண்டு. ஆனால் பொழுது சாய்ந்த பிறகுதான். மிஷினில் நிற்கும் பகல் நேரத்தில் குடித்ததில்லை. "இல்லீங்க மொதலாளி. மாதா சத்தியமா" என்றான்.

"சடையா, நீ சொல்லு. வாட வந்துச்சா இல்லையா?"

சடையன் வெல்டிங் கண்ணாடியைத் துடைத்தபடி, "வந்தாப்பலதான் இருந்துச்சிங்க" என்றான்.

அதோடு நஷ்டஈட்டுப் பேச்சு முடிந்தது. முதலாளி எழுந்து வந்து மார்த்தாளை மேலும் கீழும் பார்த்தார். புதூர்நாட்டில் பள்ளிக்கூட ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு டிரங்குப் பெட்டிகள் செய்து கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருந்தார். பள்ளி திறப்பதற்குள் ஜீப்பில் ஏற்றி மலைக்கு அனுப்ப வேண்டும். விஷயம் கேள்விப்பட்டு ராணிப்பேட்டையிலிருந்து எந்த மிஷின்காரனும் வரச் சம்மதிக்கவில்லை.

"உன் கையி ரெண்டும் நல்லாத்தான கீது? நீ வந்து மிஷின்ல நில்லு. இவன் பக்கத்துல நின்னு சொல்லிக்குடுக்கட்டும். ரெண்டு பேரு வந்தாலும் கூலி ஒண்ணுதான்."

மார்த்தாள் புருஷனைப் பார்த்தாள். அவன் சொல்வான், வேண்டாம் என்று சொல்வான் என்று எதிர்பார்த்தாள். சந்தியாகு கட்டுப் போட்ட கையை லுங்கி மடிப்புக்குள் செருகிக்கொண்டு, "கத்துக்கட்டுங்க" என்றான்.

அப்படித்தான் மார்த்தாள் தகடு மடிக்கப் போனாள்.

முதலில் தகட்டைத் தூக்கவே தெரியவில்லை. வெட்டிய தகட்டின் ஓரம் பிளேடு மாதிரி இருக்கும். உள்ளங்கை கிழிந்தது. சாக்குத் துணியைச் சுற்றிக்கொண்டாள். "துணி சிக்கினா கையோட சேத்து இஸ்துக்கும்" என்று சந்தியாகு கத்தினான். துணியை அவிழ்த்தாள். ரத்தம் பட்ட தகட்டைப் பெயிண்ட் அடிக்கிறவன் திருப்பி அனுப்பினான்.

மடிக்கும்போது தகடு சும்மா கிடக்காது. பஞ்ச் நடுவில் அழுத்தியதும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பக்கம் ஜன்னல் கதவு போல மேலே எழும்பும். ஒருநாள் அப்படி எழும்பிய தகடு அவள் தாடையில் அறைந்தது. உதடு கிழிந்து வாயெல்லாம் உப்புக் கரித்தது. பட்டறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எல்லோரையும்விட அதிகம் சிரித்தவன் சந்தியாகு.

"எரும மாட்டக் கட்டி வெச்சிருந்தாக்கூட இந்நேரம் கத்துக்கினு இருக்கும்."

எதை முதலில் மடிப்பது, எதைக் கடைசியில் மடிப்பது என்று அவன் சொல்லித்தரவில்லை. பெட்டியின் எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டையும் மடித்துவிட்டு மூன்றாவதை வைத்தால், முன்னால் மடித்த பக்கம் பஞ்ச்மேல் இடித்துக்கொள்ளும். அது தெரியாமல் மிதித்தாள். தகடு நசுங்கி மிஷினுக்குள் மாட்டிக்கொண்டது. சடையன் வந்து கடப்பாரையால் நெம்பி எடுத்தான். பாழான தகட்டுக்கு முதலாளி கூலியில் பிடித்தார். "சொல்லியிருக்கலாமில்ல?" என்று அவள் கேட்டபோது, "எனக்கு யாரு சொன்னா?" என்றான் சந்தியாகு.

ஒன்றே ஒன்றை மட்டும் அவன் சொல்லிக்கொண்டே இருந்தான்.

"மேல கை வை. தகட்ட மேலருந்து அழுத்திப் புடி. பஞ்ச்ச ஒட்டி கையி இருக்கணும். தள்ளிப் புடிச்சா நழுவிடும்."

அப்படியே பிடித்தாள். ஒவ்வொரு அடிக்கும் தகடு எழும்பி அவள் விரல்களைப் பஞ்ச் பக்கம் தள்ளியது. நொடி நேரத்தில் கையை உருவிக்கொள்வாள். முட்டிகளில் தோல் உரிந்து, காய்ந்து, மறுபடி உரிந்தது. இதுதான் இந்த வேலையின் பாடு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்தால் அவனுக்குக் கஞ்சி வைத்து, சட்டைப் பொத்தான் போட்டுவிட்டு, குளிக்கத் தண்ணீர் மொண்டு ஊற்றுவாள். உப்புப் பட்டால் முட்டி எரியும். பல்லைக் கடித்துக்கொள்வாள்.

சித்திரை வெயிலில் மிஷின் ஒருநாள் சுத்தமாக நின்றுவிட்டது. மோட்டார் பெல்ட் அறுந்திருந்தது. வாணியம்பாடியிலிருந்து ஒரு ஃபிட்டர் வந்தார். எல்லோரும் அவரை பாய் என்றுதான் கூப்பிட்டார்கள். பெல்ட்டை மாட்டிவிட்டு, "ஓட்டிக் காட்டும்மா" என்றார். மார்த்தாள் தகட்டை வைத்தாள். இரண்டு கையையும் மேலே வைத்து அழுத்தினாள். பெடலுக்குக் கால் போவதற்குள் பாய் அவள் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்துவிட்டார்.

"யாரும்மா உனக்கு இப்டி சொல்லிக்குடுத்தது?"

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

"தகடு மேல ஏறி வரும்மா. மேல இருக்கற வெரல அப்டியே இஸ்துக்கினு போயி பஞ்ச்சுல நசுக்கிடும். உள்ளங்கைய கீழ வெச்சி, ஓரத்துல தாங்கிப் புடிக்கணும். தகடு எழும்பினா கையும் கூடவே எழும்பணும். மொத நாளு சொல்லிக்குடுக்கற பாடம் இது. யாரு சொன்னாங்க, மேல வைக்கச் சொல்லி?"

"எங்க வூட்டுக்காரருதான்" என்றாள் மார்த்தாள்.

பாய் சந்தியாகுவைப் பார்த்தார். சந்தியாகு பின்கதவு வழியே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சடையன் குனிந்து வெல்டிங் குச்சியைப் பொறுக்கினான். அவன் குனிந்த விதத்தில், அவனுக்கும் முன்பே தெரியும் என்று அவளுக்குப் பட்டது. பெயிண்ட் அடிக்கிறவனுக்குத் தெரியும். தகடு வெட்டுகிறவனுக்குத் தெரியும். இத்தனை நாளும் அவள் கையைப் பார்த்தபடி எல்லோரும் அவரவர் வேலையைச் செய்துகொண்டிருந்திருக்கிறார்கள்.

போகும்போது பாய் முதலாளியிடம், "கிளட்ச் ஸ்பிரிங்கு போயே போச்சி. மாத்திடுங்க. இல்லனா இன்னொரு கையி போகும்" என்றார்.

"பாத்துக்கலாம் பாய். அடுத்த தபா" என்றார் ராஜாக்கண்ணு.

மாதா கோயில் தெருவில் அவர்கள் வீடு. பிள்ளைகள் இல்லை. அன்று சாயங்காலம் வந்ததும் மார்த்தாள் அடுப்பு மூட்டவில்லை. கதவைச் சாத்திவிட்டு அவன் முன்னால் வந்து நின்றாள்.

"தெரியாம சொன்னியா, தெரிஞ்சி சொன்னியா?"

"இன்னாத்த?"

"இன்னாத்தன்னு உனக்குத் தெரியும்."

சந்தியாகு தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்தான். கட்டு பிரித்த கை மடியில் கிடந்தது. கட்டைவிரல் மட்டும் தனியாக நீட்டிக்கொண்டிருந்தது. மறைக்கப் பார்ப்பான் என்று நினைத்தாள். அவன் மறைக்கவில்லை.

"நீ தெனம் பத்து வெரலோட வூட்டுக்கு வர்ற" என்றான். "அதே மிஷினு. அதே எடம். ஊரே சொல்லுது, பொம்பள எப்டி நிக்கிறா பாருன்னு. வந்து அந்தக் கையால எனக்குப் பொத்தான் போட்டுவுடற. நான் அத்தப் பாத்துக்கினே சோறு துன்னணுமா?"

"என் கையி போனா உனக்குச் சோறு ஏதுய்யா?"

"வேணாம். ரெண்டு பேருமே பட்டினி கெடக்கலாம். அது எனக்குப் போதும்."

அவள் அழவில்லை. திட்டவுமில்லை. போய் அடுப்பைப் பற்றவைத்துத் தனக்கு மட்டும் உலை வைத்தாள். மறுநாள் காலையில் அவன் சட்டையைப் போட்டுக்கொண்டு, வழக்கம்போல நெஞ்சைக் காட்டி நின்றான். அவள் அவனைச் சுற்றிக்கொண்டு வெளியே போனாள். அதற்கப்புறம் சந்தியாகு திறந்த சட்டையோடுதான் தெருவில் நடந்தான். டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் கேலி செய்தார்கள்.

பட்டறையில் அவள் முதலாளியிடம், "இனிமே அவரு பக்கத்துல நிக்க வேணாங்க. நானே பாத்துக்கறேன்" என்றாள். முதலாளிக்கு அதில் நஷ்டம் ஒன்றுமில்லை. கையைக் கீழே வைத்துத் தகட்டோடு சேர்ந்து எழும்பக் கற்றுக்கொண்டாள். முட்டிகள் ஆறின. ஆனால் வேலை சரியாக வரவில்லை. மடித்த தகடு பஞ்ச் விலகியதும் கொஞ்சம் விரிந்துகொள்ளும். பெட்டியின் மூலைகள் வாயைப் பிளந்து நிற்கும். ஏன் என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்த ஒரே ஆள் டீக்கடையில் உட்கார்ந்திருந்தான். புதூர்நாட்டுப் பெட்டிகள் சுத்தியால் தட்டிச் சரிக்கட்டப்பட்டு, ஆலங்காயம் வழியாக ஜீப்பில் மலையேறின. பாதிப் பெட்டிகளுக்கு மூடி சரியாக உட்காரவில்லை என்று ஹாஸ்டலிலிருந்து சொல்லியனுப்பினார்கள். ராஜாக்கண்ணு மார்த்தாளைத் தெருவில் நிற்கவைத்து, வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினார்.

ஆவணி மாதம், கல்யாண சீசன். பீரோ கேட்டு ஆட்கள் வந்தார்கள். பீரோவின் பக்கத் தகடு ஆள் உயரத்துக்கு மேல் நீளம். ஒருத்தியாகப் பிடித்தால் நடுவில் தொங்கி மடிப்பு கோணிப்போகிறது. இன்னொரு முனையைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். புதிதாக ஓர் ஆளுக்குக் கூலி கொடுக்க முதலாளிக்கு மனமில்லை.

"சந்தியாகுவ இஸ்துக்கினு வா. எடது கையி இருக்குதில்ல? புடிக்கறதுக்கு அது போதும்" என்று சடையனை அனுப்பினார்.

சந்தியாகு திறந்த சட்டையோடு வந்து நின்றான். விபத்துக்குப் பிறகு அவன் மிஷினைத் தொடுவது அதுதான் முதல் தடவை. பெடல் மிஷினின் முழு நீளத்துக்கும் ஒரு கம்பியாக ஓடும். யார் காலை வைத்தாலும் இறங்கும். மார்த்தாள், "நான்தான் மிதிப்பேன். நீ காலத் தள்ளி வை" என்றாள். அவன் தள்ளி வைத்தான். தகட்டைத் தூக்கி டைமேல் போட்டார்கள். சந்தியாகு இடது உள்ளங்கையைத் தகட்டுக்கு அடியில் கொடுத்தான். வலது கையின் மொண்ணையை ஓரத்தில் முட்டுக் கொடுத்தான்.

மார்த்தாள் அதைப் பார்த்தாள்.

"மேல கை வை" என்றாள்.

சந்தியாகு நிமிர்ந்தான்.

"மேல வெச்சி அழுத்திப் புடி. பஞ்ச்ச ஒட்டி. தள்ளிப் புடிச்சா நழுவிடும்."

வெல்டிங் சத்தம் நின்றது. சடையன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தான். முதலாளி மேசையிலிருந்து, "இன்னாடா பேச்சு அங்க? புடிடா சொல்ற மாதிரி. அவதான மிஷின்காரி" என்று கத்தினார்.

முடியாது என்று சந்தியாகு சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் முடியாது என்றும் சொல்ல வேண்டும். அவன் உதட்டை நக்கிக்கொண்டான். இடது கையைக் கீழிருந்து உருவினான். மெல்லத் தூக்கித் தகட்டின் மேல், பஞ்ச்சுக்கு அருகில், ஐந்து விரலையும் விரித்து வைத்தான். விரல்கள் நடுங்குவது தகட்டில் ஓடி வந்து இந்த முனையில் மார்த்தாளின் உள்ளங்கையில் தெரிந்தது. அவன் நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வேர்வை தகட்டில் விழுந்தது. அவன் கையை எடுக்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பயமுறுத்திவிட்டு விட்டுவிட வேண்டும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அப்படித்தான் நினைத்ததாகப் பிறகு அவளுக்கு ஞாபகம். ஆனால் அந்த நடுக்கம் கையில் தெரிய ஆரம்பித்ததும் அவளுக்குள் ஏதோ இனித்தது. இவ்வளவு நாளில் அப்படி ஓர் இனிப்பை அவள் அறிந்ததில்லை. காலைத் தூக்கினாள். பெடலை மிதித்தாள்.

கடக் என்று ஒரு சத்தம். சக்கரம் தன்பாட்டுக்குச் சுற்றியது. பஞ்ச் இறங்கவில்லை. கிளட்ச் பிடிக்கவில்லை.

"மறுபடி மக்கரா?" என்றார் முதலாளி. "இன்னொரு தபா மிதி."

மார்த்தாளின் கால் பெடல்மேலேயே இருந்தது. அதை எடுக்க அவளுக்குச் சிறிது நேரம் பிடித்தது. "கீழ கை வை" என்றாள். சந்தியாகு கையைக் கீழே கொண்டுபோனான். அவள் மிதித்தாள். இந்தத் தடவை பிடித்தது. தகடு எழும்பியது. இரண்டு பேர் கையும் கூடவே எழும்பின. மடிப்பு நேராக வந்தது.

சாப்பாட்டு நேரத்தில் அவள் பட்டறைக்குப் பின்னால் போய், கழிவுத் தகடு கொட்டிக் கிடக்கும் இடத்தில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள்.

அன்று சாயங்காலம் இருவரும் ஒன்றாகத்தான் வீட்டுக்கு நடந்தார்கள். தெருமுனையில் மார்த்தாள், "மிதிச்சேன்" என்றாள்.

"தெரியும். பெடலு ஆடறது கால்ல தெரிஞ்சிது."

"கிளட்சு புடிச்சிருந்தா கையி போயிருக்கும்."

"ஆமா."

சந்தியாகு சிரித்தான். பட்டறையில் அவளைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இல்லை அது. கல்யாணமான புதிதில் சிரித்தது மாதிரி இருந்தது. அவளுக்கு மேலெல்லாம் கூசியது. இவன் இனி என்னைப் பார்த்துப் பயப்படப்போவதில்லை, என் மேல் பொறாமைப்படவும் போவதில்லை, என்னையும் தன்னைப் போல ஆக்கிவிட்டான் என்று நினைத்தாள். அப்படி இல்லை, யாரும் ஆக்கவில்லை, நானேதான் மிதித்தேன் என்றும் நினைத்தாள். அன்று இரண்டு பேருக்கும் சேர்த்து உலை வைத்தாள்.

அதற்குப் பிறகுதான் சந்தியாகு அவளுக்கு உண்மையாகவே வேலை சொல்லிக்கொடுத்தான். மடித்தது விரிந்துகொள்ளுமா, அப்படியானால் வேண்டியதைவிட ஒரு மயிரளவு அதிகமாக மடக்கு, விரிந்து சரியான இடத்துக்கு வந்து நிற்கும் என்றான். பஞ்ச்சை இறக்கும் திருகு இரண்டு முனையிலும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று காலையில் ஒரு துண்டை மடித்துப் பார்க்கச் சொன்னான். ஒவ்வொரு மடிப்பிலும் தகடு கொஞ்சம் நீளும், வெட்டும்போதே அதைக் கழித்து வெட்டு என்றான். எந்த மடிப்புக்குப் பிறகு எந்த மடிப்பு என்பதை அட்டையில் மடித்துக் காட்டினான். இடது கையால் கட்டைவிரலை முட்டுக் கொடுத்து அவன் அட்டை மடிக்கும் அழகை அவள் பார்த்துக்கொண்டிருப்பாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையில் நின்றால் பீரோத் தகடு துணி மாதிரி மடங்கியது. கோயிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாமியார் அவர்கள் பெயரைச் சொல்லி, துன்பத்தில் ஒருவர் கையாக ஒருவர் இருக்கும் குடும்பம் என்று புகழ்ந்தார். மார்த்தாள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

ஆனால் ஸ்பிரிங் இன்னும் மாற்றவில்லை. மறு வருஷம் பொங்கல் கழிந்த கையோடு அது ஒரே வாரத்தில் இரண்டு முறை இரட்டை அடி அடித்தது. ஒருமுறை பஞ்ச் மார்த்தாளின் வளையலை நசுக்கிவிட்டுப் போனது. சந்தியாகு மிஷினை நிறுத்திவிட்டு முதலாளி முன்னால் போய் நின்றான்.

"ஸ்பிரிங்க மாத்துங்க. அதுவரைக்கும் நாங்க தொட மாட்டோம்."

"தொட வேணாம். போங்க" என்றார் ராஜாக்கண்ணு. "நீங்க இல்லன்னா ஒடுகத்தூர்ல ஆளே இல்லியா?"

மார்த்தாள் புளி மண்டிக்குத் திரும்பினாள். சந்தியாகு வீட்டில் இருந்தான். மிஷினுக்கு முதலாளி குப்பனைப் பிடித்துப் போட்டார். பட்டறையில் தகடு இறக்கி ஏற்றும் கூலிக்காரன் குப்பன். மலைமேல் நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் பிறந்தவன். குடி, பீடி எதுவும் கிடையாது. அவனும் அவன் பெண்டாட்டி பாஞ்சாலையும் ஒருநாள் மார்த்தாள் வீட்டுக்கு வந்தார்கள்.

"அக்கா, எப்டிப் புடிக்கணும்னு சொல்லிக்குடு" என்றான் குப்பன்.

மார்த்தாள் ஓர் அட்டையை எடுத்து, கையைக் கீழே கொடுத்துத் தாங்குவதைக் காட்டினாள். கூடவே எழும்பச் சொன்னாள். துண்டைக் கையால் எடுக்காதே, குச்சியால் தள்ளு என்றாள். ஒன்றைக்கூட மறைக்கவில்லை.

"அந்த ஸ்பிரிங்கு?" என்று பாஞ்சாலை கேட்டாள். "மாத்திட்டேன்னு மொதலாளி சொன்னாராம்."

பாய் வாணியம்பாடியிலிருந்து வந்தால் மண்டியைத் தாண்டித்தான் பட்டறைக்குப் போக வேண்டும். மார்த்தாள் தினமும் மண்டி வாசலில்தான் உட்கார்ந்திருந்தாள். அவர் வரவில்லை. அவள் வாயைத் திறப்பதற்குள் சந்தியாகு, "மாத்தியிருப்பாரு" என்றான். அவள் அவனைப் பார்த்தாள். குப்பன் நன்றாக வேலை செய்தால் தங்களுக்கு அங்கே இனி இடமில்லை. சந்தியாகுவின் கண்ணில் இருந்தது அதுதான். தன் கண்ணிலும் அதுவே இருந்திருக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது. அட்டையை மடித்துக் குப்பன் கையில் கொடுத்தாள்.

"ஜாக்கிரதையா செய்" என்றாள்.

மாசி பிறப்பதற்குள் குப்பனின் இடது கை மணிக்கட்டு வரை போயிற்று. கையைக் கீழேதான் வைத்திருந்தான். அடி முடிந்து தகட்டை உருவும்போது பஞ்ச் மறுபடி இறங்கியிருக்கிறது.

இந்தத் தடவை யாரோ மேலே எழுதிப் போட்டுவிட்டார்கள். தொழிலாளர் ஆபீஸிலிருந்து ஓர் அதிகாரி ஜீப்பில் வந்தார். அதற்குள் ராஜாக்கண்ணு பாயை வரவழைத்துப் புது ஸ்பிரிங் போட்டுவிட்டார். சடையனைவிட்டு மார்த்தாளையும் சந்தியாகுவையும் கூப்பிட்டனுப்பினார். "அடுத்த வாரத்துலருந்து வேலைக்கு வாங்க. ரெண்டு பேருக்கும் தனித்தனிக் கூலி" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அதிகாரி மிஷினை ஓட்டிப் பார்த்தார். ஒரு மிதிக்கு ஒரு அடிதான் அடித்தது. அவர் திரும்பி, "நீங்க இந்த மிஷின்ல வேலை செஞ்சவங்கதானே? குப்பன் எப்படி ஆளு? குடிப்பானா?" என்று கேட்டார்.

மார்த்தாளின் பக்கத்தில் நின்ற சந்தியாகு கட்டைவிரல் மட்டும் இருந்த கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

"குடிப்பான் சார்" என்றான். "அன்னிக்குங்கூட வாட வந்துச்சின்னு சொன்னாங்க."

அதிகாரி மார்த்தாளைப் பார்த்தார். "நீ என்னம்மா சொல்றே?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் அதையே பதிலாக எடுத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் பாஞ்சாலை வந்தாள். மண்ணை வாரித் தூற்றுவாள், மாரில் அடித்துக்கொள்வாள் என்று தெருவே வாசலில் வந்து நின்றது. பாஞ்சாலை சத்தம் போடவில்லை. வீட்டுக்குள் வரவுமில்லை. வாசற்படிக்கு வெளியே நின்று மார்த்தாளைக் கூப்பிட்டாள்.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். எங்க வூட்டுக்காரு குடிக்க மாட்டாருன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்" என்றாள் மார்த்தாள்.

"ஸ்பிரிங்கு மாத்தலன்னும் தெரியுமா?"

மார்த்தாள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். "தெரியும்."

பாஞ்சாலை அவள் கைகளைப் பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய்விட்டாள். அந்த வாரமே குப்பனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போனார்கள் என்று கேள்வி. சாமை அறுப்புக்கு ஒற்றைக் கையால் அவன் என்ன செய்வான் என்று மண்டியில் பேசிக்கொண்டார்கள்.

பாஞ்சாலை வந்துபோன மறுநாள் காலை மார்த்தாளும் சந்தியாகுவும் பட்டறைக்குப் போனார்கள். மிஷின் அடியில் தண்ணீர் விட்டுக் கழுவியிருந்தது. புது ஸ்பிரிங்கில் கிரீஸ் பளபளத்தது. சந்தியாகு ஒரு துண்டை மடித்து மட்டம் பார்த்தான். மார்த்தாள் தகட்டின் இந்த முனையைத் தூக்கினாள். அவன் அந்த முனையைத் தூக்கினான். அந்த மிஷினில் இருவரும் அதற்குப் பிறகும் பல வருஷம் வேலை செய்தார்கள். இரண்டு பேர் கையிலும் ஒரு கீறல்கூட விழவில்லை.